சேகரித்தவர் பெயர்

1984இல் கார்த்திகை தீபத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஆறரை அடி உயர வெள்ளைக்காரர் ஒருவர் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். எங்கே போக வேண்டும் என்று குதிரைவண்டிக்காரர் அவரைக் கேட்கவே இல்லை. வெள்ளைக்காரர் என்றால் ரமணாசிரமம், இதில் கேட்க என்ன இருக்கிறது? செங்கம் ரோட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அங்கே அறை வாடகைக்கு விட்ட அம்மாளும் ஒன்றும் கேட்கவில்லை. கண்மூடி உட்கார வந்தவர் என்று தானாகவே முடிவுசெய்து ஒரு பாயும் தலையணையும் கொடுத்தாள். மறுநாள் காலை, கொட்டுகிற மழையில் குடைகூட இல்லாமல் அவர் மலைச்சரிவில் குப்புறப் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள், வந்த இரண்டாம் நாளே இவருக்குப் பக்குவம் வந்துவிட்டதே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் பாவம், கல்லுக்கடியில் மரவட்டை தேடிக்கொண்டிருந்தார்.

வில்லெம் என்பது அவர் பெயர். ஐரோப்பாவில் ஏதோ ஒரு மியூசியத்தில் வேலை. மரவட்டை என்றால் நாம் நினைக்கிற நீளமான ஜாதி அல்ல. தொட்டதும் கோலிக்குண்டுபோல் சுருண்டுகொள்கிற உருண்டை ஜாதி. தென்னிந்தியாவில் அந்த ஜாதிக்கு இதுவரை யார் யார் என்னென்ன பெயர் வைத்திருக்கிறார்களோ அத்தனையையும் சரிபார்த்து ஒரே புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். எது உண்மையிலேயே தனி இனம், எது ஒன்றுக்கே இரண்டு பேர் தெரியாமல் வைத்த இரண்டு பெயர், எது நம்ப முடியாதது என்று தீர்ப்புச் சொல்கிற புத்தகம். அந்தத் தீர்ப்புக்குக் காத்திருந்த பெயர்களில் ஒன்று அருணாசலென்சிஸ். அருணாசலத்தைச் சேர்ந்தது என்று அர்த்தம். 1977இல் அந்தப் பெயரை வைத்தவள் லலிதாம்பாள்.

லலிதாம்பாள் ஊரிலிருந்த கலைக் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். அண்ணாமலையார் கோயில் ஏகாம்பரநாத குருக்களின் ஒரே மகள். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் அமையவில்லை, அமையவில்லையே என்று உட்கார்ந்து அழ அவளுக்கு நேரமும் அமையவில்லை. காலையில் வகுப்பு, மாலையில் மைக்ராஸ்கோப். புதிதாக ஓர் உயிருக்குப் பெயர் வைத்தால், வைத்தவரின் பெயரும் வருஷமும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உலகம் உள்ளவரை வரும். அருணாசலென்சிஸ் லலிதாம்பாள் 1977. பிள்ளை குட்டி பெற்றவர்களுக்குக்கூடக் கிடைக்காத உத்தரவாதம் இது. அவள் வாழ்க்கையில் அவளுடையது என்று இருந்தது அந்த ஒரு வரிதான்.

மகள் உயிர்களைக் கொன்று பாட்டிலில் அடைக்கிறாள் என்று வருஷக்கணக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த குருக்கள்கூட, அருணாசலத்தின் பெயர் என்றதும் இளகிவிட்டார். அச்சாகி வந்த கட்டுரையைத் தட்டில் வைத்து எடுத்துப்போய் சுவாமி பாதத்தில் வைத்து, விபூதி குங்குமத்தோடு திருப்பிக் கொண்டுவந்தார். "பூச்சியா இருந்தா என்னடி, அவன் பேரைத் தாங்கிண்டிருக்கே" என்றார். அந்தக் குங்குமம் பட்ட பிரதிதான் ஏழு வருஷமாக லலிதாம்பாளின் மேஜை இழுப்பறையில் இருந்தது.

அதனால் வில்லெம் வருவதாகக் கடிதம் போட்டபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மலையின் மேற்குச் சரிவில், சுனைக்கு மேலே இருக்கிற பள்ளத்துக்கு எப்படிப் போவது என்று கைப்படப் படம் வரைந்து கொடுத்தாள். எந்தப் பாறையில் திரும்ப வேண்டும், எந்த மரத்தடியில் தேட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. போய்ப் பார்த்து நாலு உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தால் அவருக்கும் திருப்தி, அவளுக்கும் பெருமை.

ஏழாம் நாள் காலை வில்லெம் அவளுடைய ஆய்வறைக்கு வந்தார். முட்டியில் சேறு, கையில் ஒரு கண்ணாடி ஜாடி. மேஜைமேல் வைத்தார். உள்ளே ஸ்பிரிட்டில் பதினோரு உருண்டைகள். வேர்க்கடலைப் பருப்பு அளவு, மங்கலான பழுப்பு நிறம்.

லலிதாம்பாளின் அருணாசலென்சிஸ் கட்டைவிரல் கனம் இருக்கும். நல்ல கறுப்பு, முதுகில் ஒவ்வொரு ஓட்டின் விளிம்பிலும் ஆரஞ்சுக் கோடு. ஜாடியைப் பார்த்ததுமே இது அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வில்லெம் மரியாதைக்காரர். மெதுவாகத்தான் பேசினார். ஆறு நாள், நல்ல மழையில், நீங்கள் சொன்ன பள்ளத்திலும் அதைச் சுற்றிலும் தேடினேன் என்றார். கிடைத்ததெல்லாம் இந்தப் பழுப்பு இனம்தான். இது இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம். அந்தக் கறுப்பு இனத்தின் ஒரு உடைந்த ஓடுகூட மலையில் இல்லை. "மூல மாதிரியின் லேபிளில் சேகரித்தவர் என்று உங்கள் பெயரே இருக்கிறது. அப்படியானால் நீங்களே என்னோடு ஒருமுறை வந்து அந்த இடத்தைக் காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

மூல மாதிரி என்பது, புதுப்பெயர் வைக்கும்போது இதுதான் அது என்று எடுத்து வைக்கிற ஒற்றை உயிர். பெயர் அதன்மேல்தான் நிற்கிறது. அதன் பாட்டிலுக்குள் கறுப்பு மசியில் எழுதிய சின்ன லேபிள் ஒன்று மிதக்கும்: இடம், தேதி, சேகரித்தவர்.

லலிதாம்பாளுக்கு முகம் சூடாகிவிட்டது. காரணம், அந்த உயிரை அவள் சேகரிக்கவில்லை. அட்டெண்டர் வேடியப்பன் பிடித்துக்கொண்டு வந்தது. அட்டெண்டர் பெயரை யார் லேபிளில் எழுதுவார்கள்? அந்தக் காலத்தில் யாரும் எழுதியதில்லை, அவளும் எழுதவில்லை. தப்பு என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. இப்போதுதான் முதன்முதலாக உறுத்தியது.

"பார்த்துச் சொல்கிறேன்" என்றாள்.

வில்லெம் நாலு நாளில் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் இடம் தெளிவாகவில்லை என்றால், பெயரைச் 'சந்தேகத்துக்குரியவை' பட்டியலில் சேர்ப்பதைத் தவிரத் தனக்கு வேறு வழியில்லை என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால் மலையின் பெயரை வைப்பதற்காக யாரோ பொய் லேபிள் எழுதினார்கள் என்று அவர் நினைக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

அப்போதுதான் வேடியப்பன் டீ கொண்டுவந்தார். டம்ளரை மேஜையில் வைத்தவர் அதைவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். கண் ஜாடியிலேயே இருந்தது. உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று லலிதாம்பாளுக்குத் தோன்றியது. பிறகு டம்ளரை விட்டுவிட்டு வெளியே போனார்.

வேடியப்பன் கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்லூரி திறந்த வருஷத்திலிருந்து விலங்கியல் துறையில் அட்டெண்டர். லலிதாம்பாளைவிடப் பதினாறு வயது மூத்தவர். 1973இல் முதல் மழை பெய்த வாரம், இருவரும்தான் மேற்குச் சரிவுக்குப் போனார்கள். அவர் ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் ஓர் உருண்டை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருந்தார். ஐந்து நிமிஷம் கழித்து அது மெல்ல விரிந்து அவர் விரல்மேல் நடந்தது. அவர் மலையுச்சிப் பக்கம் பார்த்து ஏதோ முணுமுணுத்தார், அவளிடமும் ஏதோ கேட்டார், அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம்.

அந்த ஒன்று அவளுக்குப் பிரயோஜனப்படவில்லை. இந்த ஜாதியில் இனம் பிரிக்க ஆண் வேண்டும். ஆணின் வாலோட்டுக்கு அடியில் கடைசிக் கால்கள் இடுக்கிபோல் இருக்கும். அதன் வடிவம்தான் ஒவ்வொரு இனத்துக்கும் வேறு. இதுவோ பழுப்பாக, சின்னதாக, இடுக்கி இல்லாமல் இருந்தது. 'வளராத குஞ்சு' என்று எழுதி அலமாரியின் பின்வரிசையில் தள்ளிவிட்டாள்.

குருக்கள் வீட்டுப் பெண் ஈரப்புடவையோடு மலையில் திரிவதைப் பற்றி மாடவீதி என்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவள் போகவில்லை; வேடியப்பன்தான் போனார். மறு வருஷத்திலிருந்து மூன்று வருஷம் மழைக்காலம் தோறும் திங்கட்கிழமை காலையில் ஒரு பிஸ்கட் டின் வரும். உள்ளே ஈரச் சருகு, சருகுக்குள் நல்ல கனமான கறுப்பு உருண்டைகள். ஆண்களும் இருந்தன. ஆணைக் காதருகே பிடித்தால் கிர்ர் என்று ஒரு சத்தம் வரும். வேடியப்பன் அதைக் கேட்டே ஆணைப் பிரித்து வைத்திருப்பார். அவள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. டின்னோடு சில சமயம் ஒரு சீப்பு வாழைப்பழமும் வரும். படவேட்டில் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டுக்குப் போய்வந்ததாகச் சொல்வார். அவளும் பழத்தை வாங்கி வைத்துக்கொள்வாள்.

வில்லெம் போனபிறகு லலிதாம்பாள் அலமாரியைத் திறந்தாள். பின்வரிசையிலிருந்து 1973ஆம் வருஷத்துப் பாட்டிலை எடுத்தாள். பதினோரு வருஷம் கழித்து அந்தக் 'குஞ்சை' முதல்முறையாக லென்சின் கீழே வைத்து ஒழுங்காகக் காலை எண்ணினாள். இருபத்தொரு ஜோடி; குஞ்சுக்கு அத்தனை இருக்காது. முழுசாக வளர்ந்த பெண். வில்லெமின் ஜாடியில் இருந்த அதே பழுப்பு இனம். மலையில் உண்மையாக வாழ்கிற உயிர், பெயரில்லாமல், பதினோரு வருஷமாக அவள் அலமாரியிலேயே கிடந்திருக்கிறது. முதல் வருஷ மாணவனுக்கு அவள் சொல்லித்தருகிற பாடம், பெரிசா சின்னதா என்று பார்க்காதே, காலை எண்ணு என்பது. அவள் எண்ணவில்லை.

அப்படியானால் கறுப்பு எங்கிருந்து வந்தது?

டின்னில் வந்த சருகையெல்லாம் அவள் தூக்கிப்போட்டதில்லை. பூச்சி எதைத் தின்கிறது என்று பின்னால் ஆராயலாம் என்று காகிதப் பொட்டலமாக மடித்துத் தேதி போட்டு வைத்திருந்தாள். ஆராயத்தான் நேரம் வரவில்லை. இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜையில் கொட்டினாள். முதல் பொட்டலத்தில் மூங்கில் இலை. இரண்டாவதிலும் மூங்கில் இலை, அதோடு ஒரு துண்டு வாழைச் சருகு. மூன்றாவதிலும் அதேதான். சுனைக்கு மேலே இருந்த அந்தப் பள்ளத்தை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அங்கே ஒரு குத்து மூங்கில்கூடக் கிடையாது. வாழைக்குக் கேட்கவே வேண்டாம்.

படவேடு. ஜவ்வாது மலையின் அடிவாரம். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணெதிரே வந்தது அந்த வாழைப்பழம்தான். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டாளே!

மறுநாள் சனிக்கிழமை, மாணவர்கள் இல்லை. வேடியப்பனைக் கூப்பிட்டாள்.

"இந்த மூங்கில் எங்கேருந்து வந்தது?"

வேடியப்பன் பொட்டலத்தைப் பார்த்தார். மழுப்புவார், சத்தியம் செய்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"படவேட்டுலேர்ந்துங்கம்மா. எங்க அக்கா ஊட்டுப் பின்னாடி காடு."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

"மூணு வருஷம் கொண்டாந்தீங்க! மலையில பிடிச்சதுன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தீங்க!" அவள் குரல் உடைந்துபோயிற்று. "உங்களை நம்பித்தானே அந்தப் பேரை வெச்சேன்? என் அப்பா அதைக் கொண்டுபோய் சாமி கால்ல வெச்சாரே, அப்பகூட உங்களுக்கு வாய் வரலையா? பத்து வருஷமா என் கண்ணைக் கட்டி விளையாடிட்டீங்களே! நான் உங்களுக்கு என்ன துரோகம் பண்ணினேன்?"

வேடியப்பன் அவள் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"மொதமொத ஒண்ணு எடுத்துக்கினு வந்தோமே, ஞாபகம் இருக்குங்களா?" என்றார். "நான் சும்மா எடுக்கலைங்க. மலையைப் பாத்து, 'சாமி, பாத்துட்டு திரும்ப இங்கயே கொண்டாந்து உட்டுர்றோம்'னு சொல்லிட்டுத்தான் எடுத்தேன். உங்களையும் கேட்டேன். உட்டுடலாம்னீங்க."

லலிதாம்பாளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. வழியில் பார்த்தவரிடம் ஒருநாள் வீட்டுக்கு வாங்க என்று சொல்வோமே, அந்த மாதிரிதான் அவள் சொன்னாள்.

"மறுநாள் பீரோ தொடைக்கிறேன், பாட்டில்ல கெடக்குது. அந்த மலையே சாமி. அதும்மேல ஊர்றதைச் சாராயத்துல போட்டுட்டோம். நீங்க குருக்களய்யா பொண்ணு, உங்களுக்குத் தெரியாததா? உங்க வார்த்தையை நம்பி நான் சாமிகிட்ட பொய் சொன்னவனா ஆயிட்டேன்."

"அப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா வேற ஆளை அனுப்பியிருப்பீங்க."

அது உண்மை. அனுப்பியிருப்பாள். உண்மையாக இருந்ததனாலேயே அவளுக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

"படவேட்டுல இருக்கறது மட்டும் உசுரு இல்லையா?"

"உசுருதாம்மா. அந்தப் பாவம் என்னோட போவட்டும்னு வுட்டேன்." அவர் மேஜைமேல் இருந்த ஜாடியைக் காட்டினார். "நீங்க மலை பேரையே வெப்பீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? அச்சடிச்சு வந்த பொறவு நீங்க சொல்லித்தான் தெரியும். அந்தப் பேரைப் பாத்துட்டுதான் இந்த வெள்ளைக்காரர் வந்தாரு. பதினொண்ணு போச்சு. வழி போட்டுக் குடுத்தது நீங்கதானேம்மா."

போங்க என்று மட்டும் சொன்னாள். அவர் போனார்.

வில்லெம் கிளம்புவதற்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். தாளை எடுத்து வைத்து, ஒரே மூச்சில் எழுதினாள். என்னிடம் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கும் அட்டெண்டர் என்னை ஏமாற்றிவிட்டார், வேறு காட்டில் பிடித்ததை இந்த மலையில் பிடித்ததாகக் கொண்டுவந்து கொடுத்தார், நான் நம்பினேன். எழுத எழுத மனசு கொஞ்சம் ஆறியது. லேபிளில் உள்ள தேதியைச் சரிபார்க்க மூல மாதிரியின் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

அருணாசல மலை, மேற்குச் சரிவு. 11.11.1974. சேகரித்தவர்: லலிதாம்பாள்.

அவளுடைய கையெழுத்து. குண்டு குண்டாக, அழகாக. வேடியப்பன் பொய் சொன்னார் என்று எழுத வேண்டுமானால், சேகரித்தவர் அவர்தான் என்று முதலில் எழுத வேண்டும். அப்படி எழுதினால், இந்த மூன்றாவது வரிப் பொய்யை எழுதியது யார்? அவர் வாயால் சொன்னார். அவள் மசியால் எழுதி, அச்சிலும் ஏற்றிவிட்டாள். யோசிக்க யோசிக்க அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. பாட்டில்கள் இடம் மாறிவிட்டன, லேபிள் கலந்துவிட்டது என்று எழுதலாம். எந்த ஆய்வறையிலும் நடக்கிற விஷயம்; வில்லெம் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவள் அரை மணி நேரம் அந்த வழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்தாள். இடம்: படவேடு, ஜவ்வாது மலையடிவாரம். சேகரித்தவர்: வேடியப்பன். லேபிளில் உள்ள இடமும் தவறு, என் பெயரும் தவறு. கீழே கையெழுத்துப் போட்டாள்.

எழுதியது பெருந்தன்மையா, ரோஷமா என்று கேட்டால் இரண்டும்தான். என்னை ஏமாற்றியவனுக்கும் சேர வேண்டியதை நான் கொடுத்துவிட்டேன் என்று ஒரு மிடுக்கு அவளுக்குள் எழுந்தது. அதனால் பெருந்தன்மை பொய்யென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மனிதர்களுக்கு நல்லது செய்யும்போது கொஞ்சம் மிடுக்கு தேவைப்படத்தான் செய்கிறது.

வில்லெம் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இப்படி ஒரு தாளைத் தன் முப்பது வருஷ வேலையில் யாரும் கொடுத்ததில்லை என்றார். இடம் சரியாகத் தெரிந்துவிட்டதால் இனம் நிற்கும். சந்தேகப் பட்டியலுக்குப் போகாது. ஆனால் பெயரை மாற்ற முடியாது. ஒருமுறை முறைப்படி வைத்த பெயர், அர்த்தம் தப்பாக இருந்தாலும் அதுதான், அது அந்தத் துறையின் சட்டம். அருணாசலத்தில் இல்லாத உயிர் என்றென்றைக்கும் அருணாசலென்சிஸ். அருணாசலத்தில் இருக்கிற உயிருக்கு அந்தப் பெயரை வைக்கவும் வழியில்லை. அவர் அதற்கு வேறு ஏதாவது ஒரு பெயர் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜாடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

தீபம் வந்தது, போனது. வேடியப்பன் அதே துறையில்தான் இருந்தார். மைக்ராஸ்கோப்பைத் துடைத்தார், தட்டுகளைக் கழுவினார், கேட்டதை எடுத்துக் கொடுத்தார். லலிதாம்பாள் அவரோடு வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை டின் எப்போதோ நின்றிருந்தது; இப்போது வாழைப்பழமும் நின்றது. அவள் மன்னித்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் குங்குமம் பட்ட அந்தக் கட்டுரை கண்ணில் படும்; அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லையே என்று படக்கென்று மூடிவிடுவாள்; வேடியப்பன் இருக்கிற திசையைப் பார்க்கவே பிடிக்காது. மழைக்காலம் இரண்டு இப்படியே போயின.

1987 மார்ச்சில் வில்லெமின் புத்தகம் தபாலில் வந்தது. கனமான புத்தகம். வேடியப்பன் ஓய்வு பெறுவதற்கு ஒன்பது நாள் இருந்தது. லலிதாம்பாள் அட்டவணையைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பினாள். அருணாசலென்சிஸ் லலிதாம்பாள் 1977. அவள் வரைந்த ஆணின் இடுக்கிப் படம், அவள் பெயரோடு. கீழே சின்ன எழுத்தில்: படவேடு, சேகரித்தவர் வேடியப்பன். அதற்குக் கீழே, இந்த இனம் அருணாசல மலையில் இல்லை என்று ஒரு வரி.

வேடியப்பன். தூர தேசத்தில், முன்பின் தெரியாத யாரோ எழுத்துக் கோத்து, ஒரு பிழையில்லாமல் அடித்திருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் இரண்டு வருஷத்துக்கு மேலாக இறுகிக் கிடந்தது சற்றுத் தளர்ந்தது. அவர் செய்தது துரோகம்தான். நான் செய்ததும் சரியில்லை. நான் என் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதோ அச்சிலேயே இருக்கிறது. ஓய்வு பெறும் மனுஷனுக்கு இதைவிட வேறு என்ன மரியாதை செய்ய முடியும் என்று நினைத்தபோது அவளுக்குக் கண்கூடக் கலங்கியது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளே ஆய்வறைக்குப் போனாள்.

வேடியப்பன் தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வேடியப்பன், இங்க பாருங்க. உங்க பேரு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவள் விரல் வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாது.

"இன்னான்னு போட்டிருக்குதுங்க?"

"இந்த உயிரைப் படவேட்டுக் காட்டுல சேகரிச்சவர் வேடியப்பன்னு போட்டிருக்கு. இந்தப் புத்தகம் லண்டன், அமெரிக்கா, ஜப்பான், எல்லா ஊர் லைப்ரரியிலயும் இருக்கும். நூறு வருஷம் கழிச்சு எவன் இந்தப் பூச்சியைப் பத்தி எழுதினாலும் உங்க பேரை எழுதித்தான் ஆகணும்."

"சேகரிச்சவருன்னா?"

"பிடிச்சுக் கொண்டாந்தவர்."

அவர் அந்த வரியைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

"இதை அழிக்க முடியாதுங்களாம்மா?"

"யாராலயும் முடியாது" என்றாள் அவள், சந்தோஷமாக.

வேடியப்பன் நிமிர்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"மறைவாத்தாம்மா செஞ்சேன் அதை" என்றார். "மூணு வருஷம், எத்தினி உசுரு. எனக்கும் சாமிக்கும் நடுவுல இருந்துது. வருஷா வருஷம் தீபத்தன்னிக்கு சொல்லி சொல்லி அழுதுக்கினு இருந்தேன், மன்னிச்சுடுவாருன்னு. கொன்னது இவன்தான்னு பேரு போட்டு ஊரு ஊரா அனுப்பிட்டீங்களே."

"நான் உங்களுக்கு நல்லது பண்ணணும்னுதான்..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

அவர் தொட்டிக்குத் திரும்பிப் போய் குழாயைத் திறந்தார். இன்னும் நாலு தட்டு பாக்கி இருந்தது. லலிதாம்பாள் புத்தகத்தை மூடி மார்போடு பிடித்துக்கொண்டு, அவர் கழுவி முடிக்கிறவரை அங்கேயே நின்றாள். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.